மூக்கில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய்: குழந்தையிடமும் பெரியவரிடமும்



பெங்களூரில் 1809-ஆம் ஆண்டு ராணுவத் தண்டு அமைக்கப்பட்ட நாள் முதல் அந்தத் தண்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேஸர் டவுன், காக்ஸ் டவுன் ஆகிய பேட்டைகளில் தமிழ் ஒலி கேளாத வீதி குறைவு. குளிர்ந்த காற்றும் மர நிழலும் நல்ல பள்ளிகளும் இவ்வூர் நமக்குத் தந்த நன்மைகள். அவற்றோடு சேர்த்து அது தந்த ஒரு தொல்லையும் உண்டு. அதுதான் மூக்கடைப்பு. மரங்களின் மகரந்தம், பார்த்தீனியப் பூண்டு, வாகனப் புகை, மார்கழிக் குளிர் ஆகியவை ஒன்றுகூடி இவ்வூர் மக்களைத் தும்ம வைக்கின்றன. ரிச்சர்ட்ஸ் பூங்காவில் காலையில் உலாவ வருவோரில் கைக்குட்டை இல்லாதவரைக் காண்பது அரிது.

ஆகவே, மூக்கடைப்பை நாம் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பெரும்பாலும் அது சரியே. நூற்றுக்கு நூறு என்று சொல்லத்தக்க அளவில் அது ஒவ்வாமையாலோ சளியாலோ வருவது. ஆயினும், மிக மிகச் சிலரிடம் அந்த அடைப்பு ஒரு புற்றுநோயின் முதல் அறிகுறியாக அமைந்துவிடுகின்றது. அத்தகைய நோய் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அந்த நோய் குழந்தைக்கும் வரும், பெரியவருக்கும் வரும். பெயர் ஒன்றே; தோன்றும் இடமும் ஒன்றே. ஆனால் இருவரிடமும் அது நடந்துகொள்ளும் முறையும், அதற்குச் செய்யப்படும் சிகிச்சையும், சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவையும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையால் குடும்பங்கள் வீணாக அஞ்சுவதும், சில வேளை சிகிச்சையையே பாதியில் விடுவதும் நேரக்கூடும். அதனால்தான் இந்த ஒப்பீடு தேவையாகின்றது.

பெயரும் பொருளும்

இந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் எஸ்தீசியோ நியூரோபிளாஸ்டோமா. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய நீண்ட பெயர்களைக் கண்டால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. இதில் உள்ளவை கிரேக்கச் சொற்கள். முதற் பகுதி புலனுணர்வைக் குறிக்கும், அடுத்தது நரம்பு, அதற்கடுத்தது முளை அல்லது கரு, இறுதி ஒட்டு கட்டியைக் குறிக்கும். நுகர்ச்சி நரம்பின் இளம் அணுக்களிலிருந்து முளைக்கும் கட்டி என்பது திரண்ட பொருள். நாம் இதனை நுகர்நரம்புக் கட்டி என்று சொல்லிக்கொள்வோம். பெர்ஜே, லூக் முதலான பிரெஞ்சு மருத்துவர்கள் 1924-இல் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினர்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நியூரோபிளாஸ்டோமா என்ற பெயரில் வேறொரு நோய் இருக்கின்றது. அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறு குழந்தைகளைப் பற்றுவது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பியில் அடிக்கடி தோன்றுவது. பெயர்கள் ஒத்திருந்தாலும் அந்நோயும் மூக்கில் தோன்றும் இந்நோயும் வேறு வேறானவை. மருத்துவச் சீட்டில் உள்ள சொல்லின் பிற்பகுதியை மட்டும் கைபேசியில் தேடிப் படிக்கும் பெற்றோர், தம் குழந்தைக்கு இல்லாத நோயைப் பற்றிப் படித்து மனம் கலங்க நேரும். முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தோன்றும் இடம்

நம் மூக்கின் துவாரம் முகத்தில் தெரிவதைவிட மிக ஆழமானது. அதன் உட்புறக் கூரையில் சிறு நாணய அளவுள்ள ஓரிடத்தில் மணத்தை உணரும் மென்தோல் படிந்திருக்கின்றது. அத்தோலின் நரம்பிழைகள், சல்லடை போல் துளைகள் உள்ள மெல்லிய எலும்பொன்றின் வழியாக மேலேறி மூளையைச் சேர்கின்றன. பொடி மணத்தையும் பூவின் மணத்தையும் காப்பியின் மணத்தையும் மூளைக்குக் கொண்டு செல்பவை இவையே. உடலின் பிற நரம்பணுக்களைப் போலன்றி, இந்த அணுக்கள் வாழ்நாள் முழுவதும் தேய்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். அவ்வாறு புதிய அணுக்களை ஈனும் அடித்தள அணுக்களில் ஏதோ ஒன்று கட்டுமீறிப் பெருகுவதால் இக்கட்டி தோன்றுவதாக அறிஞர் கருதுகின்றனர்.

இடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் நோயின் இயல்பு தானே விளங்கும். கட்டிக்கு மேலே மூளை; பக்கத்தில் கண்; கீழே மூக்கு. இடையே இருக்கும் சுவர்களோ மிக மெல்லிய எலும்புகள். கட்டி மூக்கினுள் வளர்ந்தால் அடைப்பும் இரத்தக் கசிவும் உண்டாகும். பக்கவாட்டில் வளர்ந்தால் கண் பிதுங்கும், நீர் வடியும், பார்வை இரட்டையாகத் தெரியும். மேலே வளர்ந்தால் தலைவலி தோன்றும். கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் அது பரவலாம்.

எவ்வளவு அரியது?

மேலை நாடுகளின் கணக்குப்படி ஒரு கோடி மக்களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கே இந்நோய் புதிதாகக் காணப்படுகின்றது. பெங்களூரைப் போன்ற ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரில் அக்கணக்கு அப்படியே பொருந்துவதாகக் கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே வருவர். அவர்களுள்ளும் குழந்தைகள் மிகக் குறைவு. ஆகையால், இதைப் படித்துவிட்டு மூக்கடைத்த ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டியதில்லை.

அரிய நோய்களைப் பற்றி அறிவு சேர்வதற்குக் கணக்கு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 1982-இல் பம்பாய், சென்னை ஆகிய நகரங்களுடன் பெங்களூரிலும் மக்கள் தொகைப் பதிவேடு ஏற்பட்டது. பெங்களூர்ப் பதிவேட்டை நடத்துவது ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம். விடுதலைக்குப் பின் நாட்டின் தபால், தந்தி முதலிய செய்தித் தொடர்புத் துறைக்கும், பிறகு உணவுத் துறைக்கும் மத்திய அமைச்சராயிருந்த ரஃபி அகமது கித்வாயின் பெயரால் 1973-இல் அது தொடங்கப்பட்டது. கர்நாடகத்தாரேயன்றி ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகின்றனர்.

வயதைப் பற்றிச் சொல்வதாயின், இந்நோய் சிறு குழந்தை முதல் எண்பதைக் கடந்த முதியவர் வரை எவருக்கும் வரக்கூடியது. பழைய நூல்கள் பதின்ம வயதை ஒட்டி ஓர் உச்சமும், ஐம்பது வயதை ஒட்டி மற்றோர் உச்சமும் இருப்பதாகக் கூறின. பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட பெரிய கணக்குகளில் நடுத்தர வயதின் உச்சமே தெளிவாகத் தெரிகின்றது. எப்படியாயினும் பெரும்பாலான நோயாளிகள் பெரியவர்களே.

எந்த அடைப்பைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வாமையால் வரும் அடைப்பு இரு பக்கமும் மாறி மாறி வரும். தும்மலும் அரிப்பும் உடன் இருக்கும். பருவம் மாறினால் குறையும். கவலைக்குரிய அடைப்போ ஒரே பக்கத்தில் நிலைத்திருக்கும். வாரங்கள் செல்லச் செல்லக் கூடும். மருந்துத் துளிகளுக்கு அடங்காது. அதே பக்கத்தில் இரத்தமும் கசிந்தால், அல்லது மணம் தெரியாமற் போனால், காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கண் பிதுங்குதலோ கழுத்தில் வீக்கமோ கண்டால் நாள் கடத்தக் கூடாது.

குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவது சாதாரண நிகழ்ச்சி. மூக்கின் முன்பகுதியில் நடுச்சுவரில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வறண்ட காற்றிலும், விரலால் நோண்டுவதாலும் அவை உடைகின்றன. குழந்தையை உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிடச் சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடும். தலையைப் பின்னே சாய்ப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதனால் இரத்தம் தொண்டைக்குள் இறங்குமேயன்றிப் பயனில்லை.

ஒரு பக்கத்து மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றத்துடன் நீர் வடிந்தால், சிறு குழந்தைகளிடம் அதற்குப் பொதுவான காரணம் அவர்களே உள்ளே திணித்துக்கொண்ட மணி, கடலை, புளியங்கொட்டை போன்ற பொருள்தான். அது பொத்தான் வடிவ மின்கலமாயிருந்தால் சில மணி நேரத்திலேயே திசுவை எரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பதின்ம வயதுப் பையன்களிடம் ஒரு பக்க அடைப்பும் மிகுந்த இரத்தப் போக்கும் உண்டாக்கும் வேறொரு கட்டியும் இருக்கின்றது. அது புற்றுநோய் அன்று. ஆயினும் இரத்தக் குழாய்கள் நிறைந்தது. இவற்றையெல்லாம் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. பிரித்தறிவதற்கு அவரிடம் கொண்டு செல்வது நம் வேலை.

இருவரை ஒப்பிட்டுப் பார்ப்போம்

விளக்கத்திற்காக ரிச்சர்ட்ஸ் டவுனின் ஒரே வீதியில் இருவர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஐம்பத்தைந்து வயதான பெரியவர். மற்றவள் பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுமி. இருவருக்கும் இந்த நுகர்நரம்புக் கட்டியே வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பெரியவர் தம் குறையைத் தாமே சொல்வார். காப்பியில் மணமில்லை என்று முதலில் மனைவியைக் கடிந்துகொள்வார். பிறகு பெருங்காயமும் தெரியவில்லை என்பதைக் கண்டு ஐயுறுவார். ஒரு பக்கம் அடைத்திருப்பதையும் கைக்குட்டையில் இரத்தக் கறை படிவதையும் கவனிப்பார். சிறுமியோ மணம் தெரியவில்லை என்று சொல்வதே இல்லை. மணம் குறைவதைக் குழந்தைகள் ஒரு குறையாக உணர்வது அரிது. வாயால் மூச்சு விடுகிறாள், குறட்டை விடுகிறாள் என்று தாய் கவனிக்கக்கூடும். டான்சில் என்றும், சைனஸ் என்றும் மாதங்கள் கழியக்கூடும். அதனால், குழந்தைகளிடம் இந்நோய் கண்டறியப்படும்போது அது கண் பக்கமோ மூளைப் பக்கமோ கழுத்துக்கோ சென்றிருப்பது பெரியவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றது.

சோதனைகள்

இருவருக்கும் முதற்படி ஒன்றே. மெல்லிய குழாய்க் கண்ணாடியால் மூக்கின் உட்புறத்தைப் பார்ப்பர். பிறகு எலும்பின் நிலையை அறிய சி.டி. ஸ்கேனும், மூளை, கண் ஆகியவற்றின் நிலையை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுப்பர். அதன் பின்னரே கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பர். இந்த வரிசை முக்கியமானது. மூக்கினுள் தெரியும் சதை இரத்தக் குழாய்க் கட்டியாகவும் இருக்கலாம். பிறவியிலேயே கீழிறங்கிய மூளைத் திசுவாகவும் இருக்கலாம். படம் பாராமல் கத்தி வைப்பது ஆபத்து. ‘ஏன் உடனே துண்டு எடுக்கவில்லை? ஏன் இத்தனை ஸ்கேன்?’ என்று சினங்கொள்ளும் உறவினர் இதனை அறிந்திருத்தல் நலம்.

துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவருக்கும் வயது ஒரு குறிப்பாகின்றது. சிறிய, உருண்டையான, நீலநிறச் சாயம் ஏற்ற அணுக்கள் குழந்தையின் மூக்கில் காணப்பட்டால் தசையில் தோன்றும் சார்க்கோமா, நிணநீர்ப் புற்று முதலியவற்றை அவர் விலக்க வேண்டும். பெரியவரிடமோ கருநிறமிப் புற்று, சைனஸ் அறைகளின் பிற புற்றுகள் முதலியவற்றை விலக்க வேண்டும். இவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பிழை நேர்வதுண்டு. பல சிறப்புச் சாயங்களால் சோதித்த பின்னரே முடிவு சொல்வர். அந்தக் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் பெரிய புற்றுநோய் நிலையத்தில் மறுமுறை பார்க்கச் சொல்வது மருத்துவர்மேல் அவநம்பிக்கை ஆகாது. இத்தகைய அரிய நோய்களில் அதுவே முறை.

நோயின் பரவலை அளக்க 1976-இல் கேடிஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்த படிநிலைகள் இன்றும் வழங்குகின்றன. மூக்கினுள் மட்டும் இருப்பது முதல் நிலை. சைனஸ் அறைகளுக்குச் சென்றது இரண்டாம் நிலை. அதற்கும் அப்பால் சென்றது மூன்றாம் நிலை. கழுத்துக் கணுக்களுக்கோ தொலைவான உறுப்புகளுக்கோ பரவியதை நான்காம் நிலையாக 1993-இல் சேர்த்தனர்.

சிகிச்சையில் வேறுபாடு

பெரியவருக்குச் சிகிச்சையின் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையே. முற்காலத்தில் மூக்கின் வழியாக மட்டும் அறுத்ததால் கட்டியின் மேற்பகுதி எஞ்சி நின்று மீண்டும் வளர்ந்தது. 1963-இல் அமெரிக்க மருத்துவர் கெட்சமும் அவருடைய குழுவினரும் முகத்தின் வழியாகவும் மண்டையோட்டின் வழியாகவும் ஒரே சமயத்தில் அணுகி, சல்லடை எலும்புடன் சேர்த்துக் கட்டியை எடுக்கும் முறையைப் பற்றி எழுதினர். காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் மூளை அறுவை நிபுணரும் ஒரே மேசையில் கூடி வேலை செய்யும் வழக்கம் இதனால் வேரூன்றியது. இன்று தகுதியான நோயாளிகளுக்கு முகத்தில் வடு இல்லாமல் குழாய்க் கருவியாலேயே மூக்கின் வழியாக இதனைச் செய்கின்றனர். அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்குக் கதிர்ச் சிகிச்சை உண்டு. கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையைப் பெரியவர்களுள் நோய் முற்றியவர்க்கும், அணுக்களின் தன்மை கொடியதாக இருப்பவர்க்கும் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கின்றனர்.

சிறுமியின் சிகிச்சை பல வேளைகளில் வேறு முனையிலிருந்து தொடங்குகின்றது. முதலில் மருந்து, பிறகே கத்தியோ கதிரோ, அல்லது இரண்டுமோ. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பல குழந்தைகளிடம் இக்கட்டி மருந்துக்கு நன்கு இணங்கிக் கணிசமாகச் சுருங்குகின்றது. சுருங்கிய கட்டியை எடுப்பது எளிது. கண்ணையும் காப்பாற்ற முடிகின்றது. மற்றொன்று, குழந்தையின் முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. பன்னிரண்டு வயது முகத்தின் எலும்பை வெட்டினாலும், அதன்மேல் கதிரைச் செலுத்தினாலும், அந்தப் பக்கம் பின்தங்கி மறுபக்கம் வளரும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கதிர் பட்டால் உயரம் நின்றுபோகலாம், பருவமடைதல் பாதிக்கப்படலாம். பற்கள் கெடலாம், கண்ணில் புரை விழலாம், பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு புற்றுநோய்கூடத் தோன்றலாம். எழுபது வயதுவரை வாழப் போகின்ற குழந்தைக்கு இன்று செய்யும் சிகிச்சையின் விலையை அடுத்த அறுபது ஆண்டுகளின் கணக்கில் பார்க்க வேண்டியுள்ளது.

எனினும் கதிரை முற்றிலும் தவிர்க்க முடிவதில்லை. அளவைக் குறைத்தும், இலக்கைக் கூர்மையாக்கியும் தீங்கைக் குறைக்கின்றனர். புரோட்டான் என்னும் துகளைச் செலுத்தும் முறையில் கட்டிக்கு அப்பால் உள்ள திசுக்களில் படும் கதிர் குறைவு. ஆதலால், குழந்தைகளுக்கு அது ஏற்றதெனக் கருதப்படுகின்றது. அவ்வசதி 2019 முதல் சென்னையிலும், 2023 முதல் டாட்டா நினைவு மையத்தின் நவி மும்பை வளாகத்திலும் உள்ளது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவைதானா என்று கேட்டறிவதில் தவறில்லை.

கேள்விக் கதைகளால் வரும் கேடு

இப்போது அந்த வீதிக்கே திரும்புவோம். பெரியவர் அறுவை முடிந்து இரண்டே வாரத்தில் வீடு திரும்பி, கதிர்ச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் சென்று வருகின்றார். அவர் தலையில் முடி அப்படியே இருக்கின்றது. சிறுமியோ மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டிற்குமாக அலைகின்றாள், முடி கொட்டிவிட்டது, பள்ளிக்குச் செல்லவில்லை. சேலத்திலிருந்து அத்தை தொலைபேசியில் கேட்கின்றாள்: “அந்தப் பெரியவருக்கும் இதே நோய்தானே? அவருக்கு ஒரே ஆபரேஷனில் முடித்துவிட்டார்களே! நம் பெண்ணுக்கு மட்டும் ஏன் விஷ மருந்து ஏற்றுகிறார்கள்? வேறு வைத்தியம் பார்த்தால் என்ன?” கேள்வியில் பாசம் இருக்கின்றது. ஆனால் அந்தப் பாசத்திற்கு இணங்கி மருந்தைப் பாதியில் நிறுத்தினால், சுருங்கிய கட்டி மீண்டும் தலைதூக்கும். அடுத்த முறை மருந்துக்கு அவ்வளவு எளிதில் இணங்காது.

எதிர்த் திசையிலும் இதுபோல் நேரலாம். குழந்தைக்கு நோய் மூன்றாம் நிலை என்று சொன்னவுடன், மூன்றாம் நிலைப் புற்றுநோயால் இறந்த ஏதோ ஒரு பெரியவரை நினைத்துக் குடும்பம் கைவிட்டுவிடலாம். நுரையீரல் புற்றின் மூன்றாம் நிலையும் இக்கட்டியின் மூன்றாம் நிலையும் ஒன்றாகா. நுகர்நரம்புக் கட்டியில் எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், பல தொகுப்புகளில் பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேர்வரை ஐந்தாண்டைக் கடந்து வாழ்கின்றனர். முற்றிய நிலையில் வந்த குழந்தைகளுள்ளும் முழுச் சிகிச்சை பெற்றுத் தேறியவர் பலர். ஆகவே, ஒருவர் நோயின் கதையை மற்றொருவர் நோய்க்கு அளவுகோலாகக் கொள்ளலாகாது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘அவருக்கு ஏன் அப்படி?’ என்பதன்று, ‘இவளுக்கு ஏன் இப்படி?’ என்பதே.

மற்றொரு துன்பம், குற்றத்தைத் தம்மேல் ஏற்றிக்கொள்வது. தாய் தான் உண்ட உணவையும், தந்தை தம் மூக்குப்பொடியையும் எண்ணி வருந்துவர். இக்கட்டிக்கு இன்னதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அது தொற்றுவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. மரத்தூளும் தோல் தூளும் பெரியவர்களிடம் மூக்கு, சைனஸ் பகுதியின் வேறு வகைப் புற்றுநோய்க்குக் காரணமாவது உண்மை. தச்சுப் பட்டறையிலும் தோல் பட்டறையிலும் வேலை செய்வோர் முகக்கவசம் அணிய வேண்டும். ஆனால் அதைக் கொண்டு குழந்தையின் நோய்க்குப் பெற்றோரைக் குற்றஞ்சாட்ட இடமில்லை.

தேறிய பின்னர்

பல புற்றுநோய்களில் ஐந்தாண்டு கடந்தால் நிம்மதி என்பர். இந்நோயில் அந்த விதி செல்லாது. பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அது திரும்பி வந்ததுண்டு. தொடக்கத்தில் கழுத்தில் ஒன்றும் இல்லாதவர்களிடமும் பிற்காலத்தில் அங்கே கணு வீங்குவதுண்டு. ஆகையால், நோய் நீங்கியவர் வாழ்நாள் முழுவதும் குறித்த இடைவெளியில் சோதனைக்குச் செல்ல வேண்டும். பெரியவர் கழுத்து, மூக்கு, கண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். சிறுமிக்கு இவற்றோடு உயரம், எடை, சுரப்பி நீர்கள், பற்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பெற்றிருந்தால் காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். அவள் வளர்ந்து, வேலைக்காகவோ மணமாகியோ வேறு ஊர் செல்லும்போது இந்தப் பொறுப்பு அவள் கைக்கு மாறும். தனக்கு என்ன நோய் வந்தது, என்ன மருந்து எவ்வளவு தரப்பட்டது, எங்கே எவ்வளவு கதிர் செலுத்தப்பட்டது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்கி அவளிடம் கொடுத்து வைக்க வேண்டும். சிறுவயது என்று நோயின் பெயரையே மறைத்து வளர்ப்பது அவளுக்குச் செய்யும் உதவியன்று.

அறுவைக்குப் பின் பலருக்கு மணம் அறியும் சக்தி இல்லாமற் போகும். இதனைச் சிறு குறையாக எண்ணிவிடலாகாது. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிந்தால் தெரியும்பொருட்டு அதில் ஒரு துர்நாற்றப் பொருளைக் கலக்கின்றனர். மணம் தெரியாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எரிவாயுக் கசிவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவியை அடுப்பறையில் பொருத்த வேண்டும். நேற்று வைத்த குழம்பு கெட்டதா என்பதை நாள் குறித்து வைத்தே முடிவு செய்ய வேண்டும். தனியே வசிக்கும் முதியவர் அண்டை வீட்டாரிடம் தம் குறையைச் சொல்லி வைப்பது நல்லது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு

சொந்த ஊரை விட்டு வந்தவர்க்கு நோய் வந்தால் முதலில் எழும் எண்ணம், ஊருக்கே திரும்பிவிடலாமா என்பது. உறவினர் துணை ஊரில்தான் கிடைக்கும். ஆயினும் நீண்ட சிகிச்சையின் நடுவே நிலையத்தை மாற்றுவது காலத்தை வீணாக்கும். தொடங்கும்போதே இடத்தை முடிவு செய்துகொள்வது நல்லது. சென்னை அடையாற்றில் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் இருக்கின்றது. பம்பாய் வாழ் தமிழர்க்கு 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும், டில்லியில் இருப்போர்க்கு அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உள்ளன. பெங்களூரில் முதற் சோதனைக்குச் சிவாஜி நகரில் உள்ள அரசினர் பௌரிங் ஆஸ்பத்திரி ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்கு அண்மையில் இருக்கின்றது. மேற்சிகிச்சைக்குக் கித்வாய் நிலையமும், மூளை நரம்பு மருத்துவத்திற்குப் பெயர் பெற்ற நிம்ஹான்ஸ் நிலையமும் ஓசூர் சாலையில் அருகருகே உள்ளன.

பணத்தைப் பற்றி: 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உதவி உண்டு. அந்த அட்டை, திட்டத்தில் சேர்ந்துள்ள பிற மாநில ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். எழுபது வயது நிரம்பியவர்க்கு 2024 முதல் வருமான வரம்பு இல்லை. மத்திய அரசு ஊழியர்க்குத் தனி மருத்துவத் திட்டம் உள்ளது. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் உள்ள சமூக நல அலுவலரை முதல் நாளிலேயே சந்தித்துக் கேட்பது, கடன் வாங்கிய பின் கேட்பதைவிட மேலானது. மொழியைப் பற்றித் தயங்க வேண்டாம். மருத்துவர் சொன்னது விளங்காவிடில், தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை அழைக்குமாறு கேட்பது நோயாளியின் உரிமை. இவ்வூர் ஆஸ்பத்திரிகளில் அத்தகையவர் எளிதில் கிடைப்பர்.

இந்நோய் உங்களில் எவருக்கும் வாராமற் போகலாம். அதுவே நம் விருப்பமும். ஆயினும் இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் வாரக்கணக்கில் நிலைத்து நிற்கும் மூக்கடைப்பை, அதிலும் இரத்தத்துடன் வருவதை, குழந்தையாயினும் பெரியவராயினும் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் இன்னதென்று தெரிந்த பின், அந்நோயுள்ள மற்றொருவரின் கதையைக் கேட்டு உங்கள் சிகிச்சையைக் கூட்டவோ குறைக்கவோ முற்படாதீர்கள்.